பதினெட்டுக்கும் இருபத்தாறுக்கும் நடுவில் ஓர் அம்புக்குறி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஆர்க்கிடெக்சர் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி கோமதி கேட்டார். "சார், படம் மட்டும் போட்டுராதீங்க. நீங்க படம் போட்டா பசங்க ராஜினாமா கடிதம் போட்டுருவாங்க" என்று ஒரு நிபந்தனையும் வைத்தார். பெட்டிகளும் அம்புக்குறிகளும் வரைந்தே காலத்தை ஓட்டிய ஒருவனிடம் படம் போடாதே என்பது, தவில்காரரிடம் கையைக் கட்டிக்கொண்டு வாசிக்கச் சொல்வது மாதிரி. முயற்சி செய்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பெரிதாக வேலை இல்லை. காலையில் ஏரிக்கரையில் நடக்கிறேன். வீட்டுக்கு வந்து, ஃப்ரிட்ஜில் எந்தத் தட்டில் எது இருக்க வேண்டும் என்று யோசனை சொல்கிறேன். மனைவி அதை நிராகரிக்கிறார். ஆபீஸில் நான் பார்த்த வேலையும் ஏறக்குறைய இதுதான் என்பதால் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை.

ஆர்க்கிடெக்சர் என்பதைச் சுற்றிப் பெரிய பெரிய சொற்கள் உண்டு. அவற்றை நீங்கள் நேர்முகத் தேர்விலேயே சொல்லிவிட்டதால்தான் உள்ளே வந்திருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த வரை விஷயம் இவ்வளவுதான். எதை எதோடு ஒன்றாக வைப்பது, எதைப் பிரிப்பது, பிரித்தவை எப்படிப் பேசிக்கொள்ளும், பேச்சு நின்றுபோனால் என்ன ஆகும். முதல் மூன்றையும் நான் ஏர்கண்டிஷன் அறைகளில் படித்தேன். நான்காவதைப் படித்தது ஓர் ஆடி வெள்ளிக்கிழமை மதியம், படிக்கட்டில் உட்கார்ந்து.

நாம் செய்யும் தொழில் உங்களுக்குத் தெரியும். மூச்சுக்குக் கஷ்டப்படுகிறவர்களின் வீட்டுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுபோய் வைக்கிறோம். அப்போது ஆபீஸ் இப்போது இருக்கும் கண்ணாடிக் கட்டடத்தில் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் ஒரு பழைய கட்டடம். தரைத்தளத்தில் சிலிண்டர் கிடங்கு, முதல் மாடியில் ஒரே ஹால். போன் எடுத்துப் பதிவு செய்யும் பெண்களும் மென்பொருள் எழுதும் நாங்களும் அந்த ஒரே ஹாலில் இருந்தோம். மென்பொருளும் ஒன்றுதான். பதிவு, முகவரி, வண்டி, டெலிவரி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தோம். பார்க்க லட்சணமாக இருக்காது, ஆனால் ஓடியது.

ஹாலுக்கு ஒரு ஏசி, ஏசிக்கு ஒரு ரிமோட். சிக்கல் அங்கே ஆரம்பித்தது.

உங்கள் இம்தியாஸ் சார் அப்போது மெலிந்த தேகம் கொண்ட இளைஞர். பூந்தமல்லியிலிருந்து பைக்கில் வருவார், வந்ததும் ஏசியைப் பதினெட்டில் வைப்பார். உங்கள் கோமதி மேடம் நூம்பலிலிருந்து பஸ்ஸில் வருவார், வந்ததும் இருபத்தாறில் வைப்பார்.

"இம்தியாஸ், இது ஆபீஸா, ஐஸ் ஃபேக்டரியா? விரல் விறைச்சுப்போய் டைப் அடிக்கறதெல்லாம் தப்பு தப்பா விழுது."

"மேடம், உங்களுக்குக் குளிருச்சுன்னா ஸ்வெட்டர் போட்டுக்கலாம். எனக்கு வேர்த்தா நான் எதைக் கழட்டுறது?"

ஹாலே சிரித்தது. கோமதி சிரிக்கவில்லை. மறுநாள் ரிமோட்டைக் காணோம். தேடிப் பார்த்தால் கோமதியின் சாப்பாட்டுப் பையில், தயிர் டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கு மறுநாள் ரிமோட் இருந்தது, பேட்டரி இல்லை. இம்தியாஸ் தன் மொபைலையே ரிமோட்டாக மாற்றும் வித்தையைக் கற்றுக்கொண்டார். மென்பொருள் எழுதுவதில் அந்த வேகத்தை அவர் காட்டி நான் பார்த்ததில்லை.

சமாதானம் பேச வந்த முதலாளி ஒரே நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார். அவர் எதற்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்க மாட்டார். "ரெண்டாவது மாடி காலியாத்தானே இருக்கு? அதையும் வாடகைக்கு எடுத்துடறேன். குளிர் கேக்கறவன் மேல போ, வேணாங்கறவன் இங்கேயே இரு. வேலையப் பாருங்க."

அப்படித்தான் போனார்கள். மேலே போனவர்களில் பெரும்பாலோர் டெலிவரி பக்கம் எழுதியவர்கள். கீழே தங்கியவர்கள் பதிவு பக்கம் எழுதியவர்கள். ஒரே ஒரு பையன் பதிவு பக்கம் எழுதியும் மேலே போனான். அவனுக்கு நிறைய வேர்க்கும். அந்த ஒரு தகுதியால் அவன் டெலிவரிக்காரன் ஆனான்.

மாடி இரண்டான கொஞ்ச காலத்தில் மென்பொருளும் இரண்டானது. யாரும் அதைத் திட்டமிடவில்லை. இறங்கி வந்து கேட்க அலுப்புப்பட்டு மேலே ஒரு துண்டு எழுதுவார்கள். ஏறிப்போய்ச் சொல்ல அலுப்புப்பட்டுக் கீழே ஒரு துண்டு எழுதுவார்கள். ஒருநாள் பார்த்தால் இரண்டு தனித்தனி சிஸ்டங்கள், இரண்டு தகவல் கிடங்குகள். ஆர்க்கிடெக்ட் என்று பெயர்ப்பலகை வைத்துக்கொண்டிருந்த நான் என்ன செய்தேன்? நடந்து முடிந்ததற்குக் காரணம் கண்டுபிடித்தேன். "தொழிலின் இயல்பான எல்லைகளை ஒட்டிய பிரிவு" என்று தலைப்புப் போட்டு முதலாளிக்கு விளக்கவுரை நடத்தினேன். அவர் பாதியில் போன் பேசப் போய்விட்டார். நான் மீதியை ஏசிக்கு நடத்தினேன். அந்த எல்லையைப் போட்ட மகாசிற்பி அதுதானே.

அத்தோடு விட்டேனா? சிஸ்டத்தின் வரைபடத்தை ஃப்ளெக்ஸாக அடித்து மாட்ட ஆசைப்பட்டேன். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் என் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா சார் விசேஷம்? காதுகுத்தா?"

"இல்லப்பா. கம்ப்யூட்டர் சிஸ்டத்தோட டிசைன்."

"ரெண்டு பொட்டி கீது, நடுவுல ஒரு கோடு கீது. மத்தபடி காலியா கீதே சார். உங்க போட்டோவ வெச்சுட்டா எடுப்பா இருக்கும்."

வேண்டாம் என்றேன். மனசு கேட்காமல் இரண்டு ஓரத்திலும் இலவசமாகக் குத்துவிளக்கு வைத்துக் கொடுத்தார். முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில், படிக்கட்டு திரும்பும் இடத்தில் அதை மாட்டினேன். என் அறையும் அதை ஒட்டித்தான். இடதுபக்கப் பெட்டியில் 'பதிவு', வலதுபக்கப் பெட்டியில் 'டெலிவரி', நடுவே அந்தக் கோடு. கோட்டின் முனையில் ஓர் அம்புக்குறி. அந்த அம்புக்குறி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இனி முகவரி விஷயத்துக்கு வருகிறேன். வாடிக்கையாளரின் முகவரி பதிவுப் பக்கத்தில் இருக்கும். வண்டியை அனுப்ப வேண்டும் என்றால் டெலிவரிப் பக்கம் ஒவ்வொரு முறையும் பதிவுப் பக்கத்தைக் கேட்க வேண்டும். கீழ்மாடியில் ஏதாவது மாற்றும்போது சொல்லாமல் கொள்ளாமல் சிஸ்டத்தை நிறுத்திவிடுவார்கள். மேலே வண்டிகள் முகவரி தெரியாமல் நிற்கும். இறங்கி வந்து ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும். ஆனால் கீழே இருபத்தாறு. அதனால் இரண்டு மாடிக்கும் நடுவே புகார்களை டிக்கெட்டாகப் பதிந்து அனுப்பும் ஏற்பாடு வந்தது. டிக்கெட் ஏறும், டிக்கெட் இறங்கும், மனிதர்கள் நகர மாட்டார்கள்.

இம்தியாஸ் ஒருநாள் என் அறைக்கு வந்தார். "சார், அட்ரஸை ஒரு தடவை வாங்கி மேலயே ஒரு காப்பி வெச்சுக்கறோம். கீழ சிஸ்டம் படுத்துட்டாலும் நம்ம வண்டி ஓடும்."

"அட்ரஸ் மாறினா?"

"வீடு என்ன சார், தினமுமா மாறும்?"

இது முட்டாள்தனமான யோசனை இல்லை. இன்றைக்கும் நல்ல சிஸ்டங்களில் காப்பி வைத்துக்கொள்கிறார்கள், நீங்களும் வைப்பீர்கள். மாறினால் கீழிருந்து மேலே தகவல் வந்துவிடும் என்று பேசி முடித்தோம். அந்தத் தகவலை மேல்மாடி கேட்டு வாங்கிக்கொள்ளும் என்று கீழ்மாடி நினைத்தது. கீழ்மாடி தானாக அனுப்பும் என்று மேல்மாடி நினைத்தது. ஃப்ளெக்ஸில் அம்புக்குறி இருந்ததால் அது ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

டிரைவரின் மொபைலில் வாடிக்கையாளரைக் கூப்பிட ஒரு பொத்தானும் உண்டு. போன் எண் கீழ்மாடிச் சொத்து, பொத்தான் மேல்மாடிச் சொத்து. ஆகவே பொத்தான் சாம்பல் நிறத்தில், அமுக்கினால் அமுங்காமல், பதவியிழந்த அமைச்சர் மாதிரி ஓரமாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சாப்பிட்டுவிட்டு அரைத் தூக்கத்தில் இருந்தேன். கோமதி படியேறி ஓடிவந்தார். அவர் மேல்நோக்கி ஏறி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கையில் கம்பியில்லாத போன்.

"சார், நூம்பல்லேருந்து சாந்தின்னு ஒருத்தங்க. அப்பாவுக்கு சிலிண்டர் கேட்டிருந்தாங்க. காலையிலேயே போயிருக்கணும். மூணு தடவை போன் பண்ணிட்டாங்க. நம்ம ஸ்கிரீன்ல 'வண்டி கிளம்பிவிட்டது'ன்னுதான் இருக்கு. நம்ம பொண்ணுங்க மூணு தடவையும் 'வந்துட்டே இருக்கு'ன்னு சொல்லியிருக்காங்க."

"மேல கேட்டியாம்மா?"

"ரெண்டு தடவை டிக்கெட் போட்டேன் சார். அவசரம்னு போட்டேன்."

"எவ்வளவு தாங்கும்?"

"மீட்டர்ல முள்ளு சிவப்புல நிக்குதாம். பெரியவர் பழைய வெல்டர். ஏகாம்பரம்னு பேரு. ஆக்சிஜன் இல்லாம கொஞ்ச நேரம்கூட இருக்க முடியாதவர்."

மேலே போனோம். ஐஸ் அறைக்குள் இம்தியாஸ் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிக்கெட் இரண்டும் அவர் வரிசையில் நல்ல பிள்ளைகளாக நின்றிருந்தன. பெயரைச் சொன்னதும் தட்டிப் பார்த்தார்.

"வண்டி போயிருக்கே சார். காலையிலேயே போயிருக்கு. 'வீடு பூட்டியிருக்கு'ன்னு டிரைவர் போட்டிருக்கான். சிஸ்டம் தானா நாளைக்குத் தள்ளி வெச்சிருக்கு."

"வீடு எங்க பூட்டியிருக்கு? அந்தம்மா உள்ள உட்கார்ந்து அழுதுகிட்டு இருக்காங்க!" என்றார் கோமதி.

"ஆவடில."

"ஆவடியா? ஆவடி அவரோட பையன் வீடு. முந்தாநாளே, இருந்த சிலிண்டரோட பொண்ணு வீட்டுக்கு வந்துட்டாரு. நான்தான் அட்ரஸை மாத்தினேன்."

"எனக்கு வரலையே."

"உனக்கு எதுக்கு வரணும்? நீ கேட்டு எடுத்துக்கணும்!"

"நான் எதுக்குக் கேக்கணும்? நீங்க அனுப்பணும்!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இந்த இடத்தில் ஆர்க்கிடெக்ட் என்பவன் தீர்க்கமாக ஏதோ சொல்வான் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். எனக்கு முதலில் தோன்றியது, ஃப்ளெக்ஸைக் கழற்றிச் சுருட்டி ஒளித்து வைக்க நேரம் இருக்குமா என்பதுதான்.

இரண்டாவதாகத் தோன்றியதைச் சொன்னேன். "கோமதி, அவங்க இன்னும் லைன்ல இருக்காங்களா? ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லு. இப்பவே."

பின்னாலேயே முதலாளி வந்து நின்றிருந்தார். கிடங்கிலிருந்து சத்தம் கேட்டு ஏறி வந்திருக்கிறார். "யோவ், என்ன பேசறே? நாமளே ஆக்சிஜன் கம்பெனி. ஆக்சிஜனுக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கன்னு நாமளே சொன்னா ஊர் சிரிக்காது? வேற வண்டி அனுப்புய்யா. வருதுன்னு சொல்லு."

"வருதான்னு தெரியாது சார்."

"அனுப்பினா வரப்போவுது."

"எந்த வண்டி எங்க நிக்குதுன்னே இன்னும் பாக்கலை. நாலாவது தடவையும் வருதுன்னு சொன்னா அவங்க நம்பி உட்கார்ந்திருப்பாங்க. ஊர் சிரிக்கட்டும் சார், அந்தப் பெரியவரும் கூடச் சேர்ந்து சிரிக்கிற மாதிரி இருக்கணும்."

முதலாளி தன் ஒரு நிமிடத்தில் பாதியைச் செலவழித்தார். பிறகு கையை அசைத்தார், என்னவோ செய் என்று.

கோமதி போனில் பேசியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "சாந்தி மேடம், வந்துட்டே இருக்குன்னு நாங்க சொன்னது தப்பு. உங்க வண்டி வேற வீட்டுக்குப் போயிருச்சு. அடுத்த வண்டி எப்ப வரும்னு எங்களுக்கு இப்பத் தெரியல. முதல்ல ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. நாங்களும் வந்து சேர்றோம்."

ஸ்பீக்கரில் அந்தப் பெண் சொன்னதை நாங்கள் எல்லோரும் கேட்டோம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"இதை முதல் தடவையே சொல்லியிருந்தா நான் அப்பவே கூப்பிட்டிருப்பேனேம்மா."

போன் வைக்கப்பட்டது.

இதற்குள் இம்தியாஸின் விரல்கள் விசைப்பலகையில் ஓட ஆரம்பித்திருந்தன. நல்ல புரோகிராமர்களுக்கு இது ஒரு வியாதி. வீடு பற்றி எரிந்தால் முதலில் தீயணைப்புக் குழாயின் வடிவமைப்பைத் திருத்துவார்கள். "சார், அஞ்சே நிமிஷம். கீழ இருக்கற அட்ரஸ் மொத்தத்தையும் மேல இழுத்துடறேன். எல்லாம் சரியாயிடும்."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஒரு பொத்தானில் தப்பு மறைந்துபோகும் என்றால் யாருக்குக் கசக்கும்? ஆனால் ஒரு கேள்வி கேட்டேன். "அட்ரஸ் மாறினா ரூட்டும் மாறுமா?"

"மாறும். தானா திரும்பக் கணக்குப் போடும்."

"இப்ப ரோட்டுல இருக்கற வண்டிக்கும்?"

விரல்கள் நின்றன. "ஆமா சார்."

"அதுல தப்பு வந்தா எத்தனை வண்டி வழி மாறும்?"

"எல்லா வண்டியும்தான்."

நூம்பலில் ஒரு வீட்டில் முள் சிவப்பில் நின்றது எங்களுக்குத் தெரியும். மற்ற வண்டிகள் போய்க்கொண்டிருந்த வீடுகளில் எங்கெல்லாம் நிற்கிறது என்று தெரியாது. அவற்றில் பெரும்பாலானவை சரியான வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. ஒன்றைச் சரிசெய்யப் போய் ஓடுகிற எல்லாவற்றையும் குலுக்கிப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. என் சக ஆர்க்கிடெக்ட்கள் இதற்கு அழகான பெயர் வைத்திருப்பார்கள். எனக்கு அது வெறும் பயம். பயப்பட வேண்டிய இடத்தில் பயப்பட்டதற்காக யாரும் என்னைப் பிறகு திட்டவில்லை.

"சிஸ்டத்தைத் தொடாதே. தானா தள்ளி வைக்கறதை மட்டும் நிறுத்து. இனிமே ஒவ்வொரு வண்டிக்கும் வாயால அட்ரஸ் சொல்லுவோம். சரியான அட்ரஸ் கோமதி ஸ்கிரீன்ல இருக்கு. வண்டி எங்கன்னு உன் ஸ்கிரீன்ல இருக்கு. ரெண்டு பேரும் பக்கத்துல உட்காருங்க."

"எங்க சார்?"

நல்ல கேள்வி. மேலே ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. கீழே போன் மணி ஓயாமல் அடிக்கும், பேசினால் கேட்காது. நான் படிக்கட்டைக் காட்டினேன். மேல்மாடி ஆட்கள் மேல்படியிலும் கீழ்மாடி ஆட்கள் அடுத்த படியிலுமாக, மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தலைக்கு மேலே என் ஃப்ளெக்ஸ். நான் குத்துவிளக்குக்குக் கீழே நின்றேன்.

"தாவூத் பாய் வண்டி மாங்காட்டுல நிக்குது" என்றார் இம்தியாஸ். "ஸ்பேர் சிலிண்டர் ஒண்ணு இருக்கணும்." அவரே போன் போட்டார்.

தாவூத் பாய் நம் டிரைவர்களில் மூத்தவர். எடுத்த எடுப்பில் கத்தினார். "ஆடி வெள்ளிக்கு என்னிய மாங்காட்டுக்கு அனுப்ச்ச புண்ணியவான் யாருப்பா அது? கோயில் கூட்டம் ரோடு முச்சூடும் நின்னுகினு கீது. வண்டி நவுரல."

"பாய், ஸ்பேர் இருக்கா?"

"கீது. இன்னாத்துக்கு?"

"நூம்பல்ல ஒரு பெரியவருக்கு சிலிண்டர் முடியப்போவுது. உடனே போகணும்."

தாவூத் பாயின் குரல் உடனே மாறியது. "ஹைவேக்குப் போயி சுத்திகினு வந்தா லேட்டாவும் இம்தியாஸ். வேற வழி சொல்லு."

இம்தியாஸ் வரைபடத்தைப் பார்த்தார். அதில் எல்லாச் சாலைகளும் நெரிசலில் சிவப்புக் கோடுகளாக ஓடின. கோமதி அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். நூம்பல் அவருடைய ஊர். அவர்கள் வீட்டு நெல் விளைந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது.

"பாய், அந்த ஸ்வீட் கடை தாண்டி லெஃப்ட்ல ஒரு சந்து தெரியுதா? அதுல உடுங்க. குறுகலா இருக்கும், ஆனா வண்டி போகும்."

"மேப்புல அங்க ரோடே இல்லையே மேடம்" என்றார் இம்தியாஸ்.

"மேப்புல இல்லன்னா என்ன? நான் சைக்கிள் ஓட்டிப் பழகினது அங்கதான். நீ வண்டி எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு. திருப்பத்தை நான் சொல்றேன்."

"இப்ப ஒரு ஸ்கூலாண்ட வந்துட்டாரு."

"பாய், ரைட்டு."

"ரைட்ல மாடு கீதும்மா."

"ஹாரன் அடிங்க பாய்!"

"அட்ச்சாச்சு. அது என்னியப் பாத்துகினு கீது."

வேறு ஒரு நாளாக இருந்தால் சிரித்திருப்போம். படிக்கட்டில் காற்றே இல்லை. இம்தியாஸின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனாலும் அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கிளம்பிட்டாரு... ஏரிக்கரைப் பக்கம் வர்றாரு... வேகமா வர்றாரு." கோமதி ஒவ்வொரு திருப்பமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். மற்றப் படிகளில் மற்றவர்கள் ஜோடி ஜோடியாக வேறு வண்டிகளின் முகவரிகளைப் படித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி கீழ்ப்படியில் நின்று, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை.

தாவூத் பாய் அந்தத் தெருவுக்குள் வண்டியைத் திருப்பினார். பிறகு சொன்னார். "ஆம்புலன்ஸ் நிக்குது சார்."

பெரியவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கப் பயம். வண்டிக் கதவு சாத்தும் சத்தம், சிலிண்டர் உருளும் சத்தம், யாரோ யாரையோ வழிவிடச் சொல்லும் சத்தம் என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தது. கோமதி இம்தியாஸின் மடிக்கணினியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பெரியவரு ஒக்காந்துகினு கீறாரு" என்றது தாவூத் பாயின் குரல். "மூஞ்சில மாஸ்க்கு போட்டுகீது. ஆம்புலன்ஸ்காரங்க மாட்டிகீறாங்க. நம்ம சிலிண்டர் வந்துட்டதால ஆஸ்பத்திரிக்குக் கூப்டுகினு போவத் தேவையில்லன்றாங்க. ஆனா சார், பழைய சிலிண்டரப் பாத்தேன். முள்ளு அடில படுத்துகினு கீது."

எங்கள் வண்டி ஆம்புலன்ஸுக்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்தது. கோமதியின் சந்தும் இம்தியாஸின் திரையும் சேர்ந்து செய்த அத்தனை வேலைக்குப் பிறகும். முதலாளி அதைக் கேட்டார். என்னைப் பார்த்தார். எனக்கும் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து கோமதி கேட்டார். "வேர்க்குதா இம்தியாஸ்?"

"வேர்க்குது மேடம்."

"எனக்கும்தான்."

அன்று மாலை வரை அதே படிக்கட்டில் உட்கார்ந்து, கீழே ஒரு முகவரியும் மேலே வேறு முகவரியுமாக இருந்தவர்களைத் தேடி எடுத்தோம். இன்னும் சிலர் இருந்தார்கள். ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு உறுதி செய்தோம். நிமிர்ந்து பார்த்தபோது அந்த ஃப்ளெக்ஸ் கண்ணில் பட்டது. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே நான் ஆசையாகப் போட்ட அம்புக்குறி இருந்தது. அம்புக்குறிக்குப் பின்னால் இத்தனை நாளாக யாருமே இல்லை. அன்றைக்குத்தான் அதில் ஆள் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் முதலாளி புதிய வரைபடம் கேட்டார். நான் வரையவில்லை. முதலில் எல்லோரும் எங்கே உட்காரப் போகிறார்கள் என்று சொல்லுங்கள், அப்புறம் வரைகிறேன் என்றேன். மேல்மாடியைச் சாப்பாட்டு அறையாக்கினோம். மறுபடி எல்லோரும் ஒரே ஹாலில். ஏசியை இருபத்து மூன்றில் வைத்து, ரிமோட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சுவரில் ஒட்டினோம். அந்த எண் ஹாலில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் எல்லோராலும் வேலை பார்க்க முடிந்தது. என் பணிக்காலத்தில் நான் எடுத்த சிறந்த ஆர்க்கிடெக்சர் முடிவு எது என்று கேட்டால், அடக்கத்தோடு அந்த உறையைத்தான் காட்டுவேன்.

மென்பொருளை மறுபடி ஒரே மூட்டையாகக் கட்டவில்லை. பதிவும் டெலிவரியும் தனித்தனியாகவே இருந்தன, இன்றும் இருக்கின்றன. பிரிப்பது தப்பில்லை. முகவரி எங்கே பிறக்கிறது, யார் மாற்றலாம், மாற்றியதை யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் ஆளின் பெயரோடு முடிவு செய்தோம். சாம்பல் நிறப் பொத்தானுக்கு உயிர் வந்தது. இந்த வேலைகளின் விவரம் உங்களுக்குத் தெரியும், தினமும் நீங்கள் திட்டும் விவரம்தான்.

ஒன்றைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். உண்மையில் அதற்காகத்தான் இதை எழுதவே ஒப்புக்கொண்டேன். ஒரு வண்டியிடமிருந்து கொஞ்ச நேரம் தகவல் வராவிட்டால், 'தெரியவில்லை, டிரைவருக்குப் போன் செய்யவும்' என்று உங்கள் திரையில் பெரிய எழுத்தில் வருகிறதல்லவா? அதை வைக்க முதலாளியோடு நான் மல்லுக்கட்டினேன். "இவ்ளோ படிச்சவங்க சேந்து செஞ்ச சிஸ்டம், தெரியலைன்னு சொல்லுமா? பாக்கறவன் என்ன நெனைப்பான்?" என்றார். "இதை முதல் தடவையே சொல்லியிருந்தா" என்று ஆரம்பித்தேன். அவர் அன்று மாடியில் நின்று அதைக் கேட்டவர். முடிக்க விடவில்லை. வைத்துக்கொள் என்றார்.

அந்த எழுத்துகள் அசிங்கமாக இருக்கின்றன, எடுத்துவிட்டு அழகாகச் சுழலும் ஒரு வட்டம் போடலாம் என்று உங்களில் யாரோ யோசனை சொல்லியிருக்கிறீர்களாம். கோமதி பெயரைச் சொல்லவில்லை. அழகு பற்றிய கருத்தில் எனக்கு மறுப்பில்லை, அந்தத் திரையை வடிவமைத்தது நான்தான். குத்துவிளக்குகூட வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சுழலும் வட்டம் என்பது 'வந்துட்டே இருக்கு' என்பதன் புதிய உடுப்பு. அதைப் போடும் முன் ஒரு நாள் போன் எடுக்கும் பெண்களுக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

ஏகாம்பரம் அய்யா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். சில மாதம் கழித்து ஒரு காலை, அந்த இருபத்து மூன்று டிகிரி ஹாலில் போன் வந்தது. எடுத்தது கோமதி. பெயரைக் கேட்டதும் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஆக்சிஜன் ஆபீஸாம்மா? ஏகாம்பரம் பேசறேன், நூம்பல்லேந்து. அட்ரஸு மாத்தணும்மா. ஆவடிக்கே திரும்பிப் போயிகினு கீறேன்."

கோமதிக்குப் பதற்றம். "ஏங்கய்யா? உடம்புக்கு ஏதாவது?"

"ஒடம்புக்கு இன்னா, நல்லாத்தான் கீது. பொண்ணும் தங்கமாத்தான் பாத்துக்குது. மாப்ள ஒருத்தரு கீறாரே, வூட்டுக்கு வந்தா ஏசிய பதினெட்டுல வுட்டுர்றாரு. ரெண்டு போர்வ போத்திகினாலும் தாங்கல. சிலிண்டர் இல்லாமகூடக் கொஞ்ச நேரம் இருந்துடலாம் போலகீது, இந்தக் குளிர்ல முடியலம்மா."

கோமதி தலையைத் திருப்பி எதிர் மேசையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே புதிய முகவரியைத் தட்டினார். பெரியவர் இன்னும் போனை வைக்கவில்லை, மாப்பிள்ளையைப் பற்றி மேலும் சொல்ல அவருக்கு விஷயம் இருந்தது.

எதிர் மேசையிலிருந்து, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இம்தியாஸ் சொன்னார். "ஆவடி வந்துருச்சு மேடம். பெரியவர்கிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. மாப்பிள்ளைக்கு என் சலாம்."